கதவுக்கு வெளியே நின்று படித்த உளவியல்

என் மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வராமல் விட்டபோது, கொழும்பு வெள்ளவத்தைத் தாய் ஒருத்தி இயல்பாகச் செய்யக்கூடிய காரியத்தைத்தான் நானும் செய்தேன். ஒரு வகுப்பில் சேர்ந்தேன்.

எங்கள் பகுதியில் எந்தக் கஷ்டம் வந்தாலும் அதற்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது. கணக்கு ஏறாவிட்டால் கணக்கு வகுப்பு. ஆங்கிலம் வாயில் வராவிட்டால் ஸ்போக்கன் இங்கிலிஷ். விசா கிடைக்காவிட்டால் அதற்கும் ஒரு வகுப்பு. பிள்ளைக்கு மனம் சரியில்லை என்றால் தாய் போய் உளவியல் டிப்ளோமா செய்ய வேண்டியதுதானே? வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போவதெல்லாம் நல்ல ரியூஷன் இல்லாத ஊர்களில் இருக்கிற பாவப்பட்ட சனங்கள் செய்கிற வேலை.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனையை உயிரியல் பிரிவில் ஒரு தரம் எழுதி, மருத்துவ பீடத்துக்குப் போதாத புள்ளிகள் எடுத்து, இரண்டாம் தரத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். முதலில் வகுப்புகளுக்குப் போவதை விட்டாள். பிறகு மேசையில் வந்து சாப்பிடுவதை விட்டாள். பிறகு சீப்பெடுத்துத் தலை இழுப்பதையும் விட்டாள். என்ன கேட்டாலும் ‘ஓம்’, ‘இல்லை’, ‘பிறகு’ என்ற மூன்று சொற்களுக்குள் ஒரு மாதத்தை ஓட்டிவிடுவாள்.

ஆனால் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் ஏ.எல். எழுதுகிற பிள்ளையின் கதவு மூடியிருந்தால் அந்த வீட்டுக்குத் தனி மரியாதை. லிஃப்டில் என்னைக் காணும் அயலட்டைப் பெண்கள் குரலைத் தாழ்த்திக் கதைக்கத் தொடங்கினார்கள். “மகளைக் காணவே கிடைக்குதில்லை. நல்லாப் படிக்கிறா போல.”

“ஓம், அறையை விட்டு வெளியில வாறதே இல்லை” என்பேன். அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை.

மூன்றாம் மாடியிலிருந்து ஒருத்தி வீடு தேடியே வந்தாள். “எப்பிடி அக்கா பிள்ளையை இப்பிடி இருத்தி வச்சிருக்கிறீங்கள்? என்ர மகனைப் பத்து நிமிஷம் அறைக்குள்ள இருத்த ஏலாமல் கிடக்கு.” நான் அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பிள்ளை வளர்ப்புப் பற்றி அரை மணித்தியாலம் ஆலோசனை சொன்னேன். அவளும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டாள். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் கணவர் இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இயந்திரம் சத்தம் போட்டால் கழற்றிப் பார்ப்பவர், சத்தம் போடாவிட்டால் அது நன்றாக ஓடுகிறது என்று நம்புபவர். “இது சோதினைப் பயம். எழுதி முடிச்சால் போயிடும்” என்றார். நான் மெதுவாக வைத்தியர் என்று கதையை எடுத்தபோது அவருடைய முகம் மாறியது. “நீர் என்ன கதைக்கிறீர்? பொம்பிளைப் பிள்ளை. அந்த டொக்டரிட்டக் கொண்டுபோனது தெரிஞ்சால் நாளைக்கு ஆர் கலியாணம் பேசி வருவினம்?” அவரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. அந்த வசனம் என் வாயிலும் வரத் தயாராகத்தான் இருந்தது, அவர் முந்திக்கொண்டார்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை காலை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் ஒரு மண்டபம். எங்களுக்கு முதல் அங்கே இரசாயனவியல் நடக்கும். வெள்ளைப் பலகையில் அவர்கள் விட்டுப்போன சமன்பாடுகளை அழித்துவிட்டுத்தான் எங்கள் விரிவுரையாளர் மனித மனத்தைத் தொடங்குவார். முப்பது வயதுகூட இராது. நாங்கள் அவரை மிஸ் என்போம், அவர் எங்களை அன்ரி என்பார். கரையோர ரயில் போகும்போது மாக்கரைத் தூக்கிப் பிடித்தபடி பேச்சை நிறுத்திக் காத்திருப்பார்.

முதல் நாள், ஏன் இந்தப் பாடத்தைத் தெரிவுசெய்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். இருந்தவர்களில் முக்கால்வாசி என் வயதுப் பெண்கள். எல்லோரும் ‘ஆர்வம்’ என்றோம். அரை மணித்தியாலம் போவதற்குள் அந்த ஆர்வம் கேள்வி கேட்கத் தொடங்கியது. “மிஸ், எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆள், குளிக்கிறேல்ல.” “மிஸ், எங்கட ஒழுங்கையில ஒரு பிள்ளை.” எனக்குப் பக்கத்தில் இருந்தவ தன் தங்கையின் கணவரைப் பற்றி இரண்டு பக்கக் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தா. நான் என் சிநேகிதி ஒருத்தியின் மகளைப் பற்றிக் கேட்டேன். மிஸ் எங்கள் சிநேகிதர்கள் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

பாடத்திட்டத்தின் முதல் பகுதி, உளவியல் ஒரு விஞ்ஞானமாக வளர்ந்த வரலாறு. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வீட்டில் பிள்ளை தலை இழுக்காமல் கிடக்கிறாள், நான் இங்கே இருந்து கிரேக்கர்கள் ஆன்மாவைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் காசு கொடுத்ததை விட முடியாத இனம் நாங்கள். பாடம் என்று வந்துவிட்டால் பயன்படுத்தாமல் விடமாட்டோம். வகுப்பில் எந்த நூற்றாண்டு நடந்ததோ, அந்தக் கிழமை எங்கள் வீட்டிலும் அதே நூற்றாண்டு நடந்தது.

விஞ்ஞானத்துக்கு முந்திய காலத்தை என் மச்சாள் பார்த்துக்கொண்டார். என் கணவரின் அக்கா, கொட்டாஞ்சேனையில் இருப்பவர். செய்தியை நாங்கள் சொல்லவில்லை, ஆனால் அவருக்கு மூக்கில் மணந்துவிட்டது. ஒருநாள் செத்தல் மிளகாய், தேசிக்காய், கோயில் நூல் எல்லாவற்றோடும் வந்து இறங்கினார். “கண்ணூறு பட்டிட்டுது. நான் அப்பவே சொன்னனான்.” எப்போது சொன்னார் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை. மிஸ் தந்த குறிப்பின்படி மச்சாள் பல நூற்றாண்டு பின்னால் நின்றார். என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் எல்லோரிலும் அந்த அறைக்குள் நேரே போய், கட்டிலில் இருந்து, பிள்ளையின் கையைப் பிடித்தது அவர் ஒருவர்தான். நூல் கட்டத்தான் பிடித்தார். பிள்ளை கையை இழுக்கவும் இல்லை. எனக்கு அது பொறாமையாக இருந்தது.

அடுத்த கிழமை, மண்டை ஓட்டின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்து ஆளின் குணத்தைச் சொன்னவர்களைப் பற்றிப் படித்தோம். அது பிழை என்று மிஸ் தெளிவாகச் சொன்னார். நானும் ஓம் என்று எழுதினேன். அப்படியிருந்தும் சனிக்கிழமை வற்புறுத்தி அவளுடைய தலைக்கு நல்லெண்ணெய் வைத்தபோது விரல்கள் தாங்களாகவே தேடின. மேடும் கிடைக்கவில்லை, பள்ளமும் கிடைக்கவில்லை. கைநிறைய மயிர்தான் கழன்று வந்தது.

பிறகு ஜெர்மனி. அங்கே ஒரு பேராசிரியர் ஓர் அறைக்குள் மணிக்கூடுகளையும் தாளம் போடும் கருவிகளையும் வைத்துக்கொண்டு, மனதை அளக்கலாம் என்று தொடங்கினாராம். அந்த ஆய்வுகூடம் திறந்ததிலிருந்துதான் உளவியல் விஞ்ஞானமானது என்று எழுதிக்கொண்டோம். ஆக, ஒரு விஷயம் விஞ்ஞானமாவதற்கு ஒரு மணிக்கூடும், கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் போதும். எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன.

புதுக் கொப்பி ஒன்று வாங்கினேன். காலையும் மாலையும் கதவைத் தட்டுவது, தட்டியதிலிருந்து உள்ளே ‘என்ன’ என்ற சத்தம் வரும்வரை போனில் நேரம் பிடிப்பது, அதைத் திகதி போட்டு எழுதுவது. முதல் கிழமை ஆறு ஏழு செக்கன். நான்காம் கிழமை இருபதைத் தாண்டியது. நேராகவே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருந்தது. தட்டிய பிறகு அந்த ‘என்ன’ வராமலே போகிற ஒரு காலை வந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை ஒருவரிடமும் சொல்ல வழியில்லாமல்தான் நான் செக்கன் எண்ணிக்கொண்டிருந்தேன். கொப்பியைப் பார்த்தவர்களுக்கு அது ஆராய்ச்சி மாதிரித் தெரிந்திருக்கும்.

அந்த ஜெர்மன்காரர் ஆட்களைப் பழக்கி, தங்கள் அனுபவத்தைத் தாங்களே கவனித்துச் சொல்லவைத்தவராம். அதை உணர்ந்து பார்ப்பதற்காக மிஸ் ஒரு வீட்டுவேலை தந்தார். வீட்டில் ஏதாவது ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்து, அதன் பெயரைச் சொல்லாமல், உங்களுக்குள் நடப்பதை மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள். நான் மகளின் கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். மண்ணிறம் என்று எழுதினேன். கைப்பிடிக்குக் கிட்டக் கொஞ்சம் தேய்ந்த கறுப்பு. கீழே ஒரு கோடு வெளிச்சம். வெளிச்சத்துக்குள் ஒரு நிழல் வந்து நிற்கிறது. அது நிற்கும்போது என் நெஞ்சு அடிக்கிறது. அதற்கு மேல் எழுதவில்லை, தாளைக் கிழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக் கோப்பை ஒன்றைப் பற்றி எழுதியதை வாசித்தேன். நல்ல அவதானம் என்று மிஸ் பாராட்டினார்.

வியன்னாவில் ஒரு வைத்தியர் நோயாளிகளைச் சாய்மனையில் படுக்கவைத்துக் கதைக்கவிட்டார். கனவு, சிறுவயது, சொல்லாமல் அமுக்கியது என்று அவர் தோண்டாத இடமில்லை. அவருக்குப் பின்னால் வந்த சிலர் எந்த வருத்தத்தின் நூலைப் பிடித்தாலும் அது கடைசியில் தாயின் வாசலில் போய் நின்றதாம். மிஸ் இதைச் சொன்னபோது மண்டபத்தில் இருந்த தாய்மார் அத்தனை பேரும் தலையைக் குனிந்து எழுதினோம்.

முன்வரிசையில் ஒருத்தி கையை உயர்த்தினாள். “மிஸ், தேப்பன்மாரைப் பற்றி ஒண்டும் கண்டுபிடிக்கேல்லையோ?”

“அதுவும் இருக்கு அன்ரி. அடுத்த கிழமை பார்ப்பம்.”

அடுத்த ஞாயிறு போயா, பௌர்ணமி விடுமுறை. வகுப்பு இல்லை. அதற்கு அடுத்த ஞாயிறு பாடம் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. தகப்பன்மார் தப்பிவிட்டார்கள்.

என் கணவர் என் குறிப்புகளைத் திறந்து பார்த்தது அந்த அமெரிக்கப் பாடத்துக்குத்தான். மனம் என்று ஒன்றைக் கண்டவர் யார், வெளியே தெரிகிற நடத்தையை மட்டும் பாருங்கள், நல்லதுக்குப் பரிசு கொடுங்கள், நடத்தை மாறும் என்ற கொள்கை. அவர் அதை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தார். “இவன்தான் ஆள்” என்றார். அன்றைக்கே வைஃபையை நிறுத்தினார். பிள்ளை மேசைக்கு வந்தால் வைஃபை வரும், அதுதான் ஒப்பந்தம். கதவு திறக்கவில்லை. நாற்பது நிமிடம் போனது. அவருக்குக் கிரிக்கெட் பார்க்கவேண்டி வந்தது. அவரே எழும்பிப் போய்ப் போட்டுவிட்டார். என் குறிப்பில் ஒரு பெட்டியும், அதற்குள் ஓர் எலியும், அது அமத்துகிற பிடியும் படமாக இருந்தன. எங்கள் வீட்டில் எலி யார் என்று நான் வாய் திறக்கவில்லை.

நான் பரிசைக் கையில் எடுத்தேன். அவளுக்குப் பிடித்த கொத்து ரொட்டி வாங்கிவந்து, வந்து எடுத்துச் சாப்பிடு என்றேன். வந்தாள். பார்சலை எடுத்தாள். ‘தாங்ஸ்’ என்றுகூடச் சொன்னாள். நடத்தை மாறியது என்று கொப்பியில் எழுதினேன். அடுத்த நாள் குப்பைப் பையைக் கட்டும்போது பார்சல் அவிழ்க்காமலே உள்ளே கிடந்தது. அதை எழுதவில்லை.

அதற்குப் பிறகு கணினி வந்ததாம், மனிதருக்கு உள்ளேயும் ஏதோ நடக்கிறது என்று அமெரிக்கர்களுக்கு மறுபடியும் ஞாபகம் வந்ததாம், மூளையைப் படம் பிடித்தார்களாம். எனக்கு அந்தக் கட்டத்தில் அலுத்துவிட்டது. புதிதாக வந்த மருமகள் பழைய மருமகள் அடுக்கிய தூள் போத்தல்களை எல்லாம் இறக்கிவைப்பது மாதிரி, ஒவ்வொரு கூட்டமும் வந்து முந்தின கூட்டத்தை முட்டாள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறது. இந்தக் கூத்துக்கு நடுவில் சாய்மனையில் படுத்திருந்த பெண்ணுக்குச் சுகம் வந்ததா என்று கேட்டேன். “அது சோதினைக்கு வராது அன்ரி” என்றார் மிஸ். சொல்லிவிட்டு என்னைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார்.

கடைசி வேலையாக ஒரு தனியாள் ஆய்வு எழுதவேண்டும். நான் எழுதினேன், பன்னிரண்டு பக்கம். ‘அ’, பெண், பத்தொன்பது வயது. உணவு, நித்திரை, கதவைத் திறந்த தடவைகள், பதில் வர எடுத்த செக்கன்கள், எல்லாம் கட்டம் போட்டு. பரம்பரை என்ற தலைப்பின் கீழ் கணவர் பக்கத்துக்கு ஒரு பக்கமும் என் பக்கத்துக்கு நாலு வரியும் ஒதுக்கினேன். ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வரை ஒருவரையும் விடாமல் எல்லோருடைய கண்ணாலும் அவளைப் பார்த்திருந்தேன்.

எழுபத்தெட்டுப் புள்ளிகள். எண்பது எடுத்தால்தான் விசேட சித்தி. மேலே சிவப்பு மையில் மிஸ் எழுதியிருந்தார்: ‘மிக நல்ல அவதானம். ஆனால் பன்னிரண்டு பக்கத்திலும் பிள்ளை சொன்ன வசனம் ஒன்றுகூட இல்லையே? சேர்த்துத் தந்தால் திரும்பப் பார்க்கிறேன்.’

அன்று மத்தியானம் நான் ஏன் அந்தக் கதவைத் தட்டினேன் என்று கேட்டால், தாய்ப்பாசம் என்று எழுதத்தான் ஆசை. நான் தட்டியது அந்த இரண்டு புள்ளிக்காக. அவளிடமிருந்து ஒரு வசனம் வேண்டும், அதை மேற்கோள் குறிக்குள் போடவேண்டும், விசேட சித்தி எடுக்கவேண்டும். அன்று நேரம் பிடிக்கக்கூட மறந்துபோனேன்.

கதவைத் திறந்தாள். என் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். “என்ன அது?”

“என்ர அசைன்மென்ட் பிள்ளை. இதில உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும்.”

கையை நீட்டி வாங்கினாள். கட்டிலில் இருந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். ‘அ’ யார் என்று கண்டுபிடிக்க உயிரியல் பிரிவு தேவையில்லை. ஓடிப்போய்ப் பறிக்கலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. பன்னிரண்டு பக்கத்தையும் அவள் வாசித்து முடிக்கும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழிகாரி, கத்தப்போகிறாள், இனி ஒருநாளும் என் முகத்தில் விழிக்கமாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் கத்தவில்லை. ஐந்தாம் பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினாள். “இதில நான் பதினாலு மணித்தியாலம் நித்திரை கொள்ளுறன் எண்டு போட்டிருக்கிறீங்கள்.”

“லைட் நிப்பாட்டினால் நித்திரை எண்டுதான்...”

“நான் நித்திரை கொள்ளுறேல்ல அம்மா. இருட்டுக்குள்ள இருக்கிறனான்.” தாள்களை ஒழுங்காக அடுக்கி மடியில் வைத்தாள். “என்னால இனி ஏலாது. டொக்டர் ஒருத்தரிட்டப் போவமா?”

நான் அழவேண்டிய இடம் அது. ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் முதலில் வந்தது, லிஃப்டில் யாரைச் சந்திப்போம் என்ற யோசனைதான். அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. யோசனையை விழுங்கிக்கொண்டு “ஓம் பிள்ளை, நாளைக்கே போவம்” என்றேன். கணவர் ஒன்றும் எதிர்க்கவில்லை. பன்னிரண்டு பக்கத்தையும் கேட்டு வாங்கி, விறாந்தையில் போய் நின்று வாசித்தார். வந்தபோது கண் சிவந்திருந்தது. “ஆரும் கேட்டால் கண் கிளினிக் எண்டு சொல்லுங்கோ” என்று மட்டும் சொன்னார்.

அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பின்பக்கம், ஆட்கள் இருப்பதற்கு நீளமான வாங்குகள். நாங்கள் போய் இருந்து ஐந்து நிமிடத்தில் எதிர்வாங்கில் என் வகுப்புத் தோழி, பக்கத்தில் அவவின் கணவர். தங்கையின் கணவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தவ. என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது.

“கண் காட்ட வந்தனாங்கள்” என்றா.

“நாங்களும் கண்தான்” என்றேன்.

சுவரில் மூன்று மொழியிலும் பெரிதாக மனநலப் பிரிவு என்று எழுதியிருந்தது. எங்கள் இருவருக்கும் உண்மையாகவே கண்ணில்தான் ஏதோ பிழை. அவவின் கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு நாங்களும் சிரித்தோம். மகளின் வாயோரமும் கொஞ்சம் அசைந்தது மாதிரி எனக்குத் தெரிந்தது.

“மே ஃபோர்ம் எக்க புரவன்ன” என்று தாதி சிங்களத்தில் நிரப்பச் சொல்லி ஒரு படிவத்தை என் கையில் தந்துவிட்டுப் போனா. நான் பேனையை எடுத்தேன். இதுதான் நான் காத்திருந்த சோதனைத்தாள். பெயர், வயது, விலாசம் எல்லாம் முத்து முத்தாக எழுதினேன். ‘இந்தப் பிரச்சினை எவ்வளவு காலமாக உள்ளது?’ என்று இருந்தது. எனக்கு யோசிக்கவே தேவையில்லை. அவள் வகுப்பை விட்ட நாள் கொப்பியில் திகதியோடு இருக்கிறது. எட்டு மாதம் என்று எழுதினேன்.

மகள் என் கையிலிருந்து பேனையை வாங்கினாள். எட்டு மாதத்தை ஒரு கோட்டால் வெட்டினாள். அதற்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில், மூன்று வருடம் என்று எழுதினாள். எழுதிவிட்டுப் பேனையை மூடி என்னிடமே திருப்பித் தந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு ஓ.எல். சோதனையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ வந்தது. நாங்கள் தொடர்மாடி முழுவதற்கும் கேக் கொடுத்தோம். அவள்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக இறங்கி, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, கேட்ட எல்லோருக்கும் ஓம் அன்ரி, டொக்டருக்குத்தான் படிக்கப்போறன் என்று சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டு வந்தாள்.